அடைக்கலப் பொருளும் சட்டமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் செம்பட்டியில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில் சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு பணித்தீர்கள். சட்டம் என்றவுடன் நிலத் தகராறும் காவல் நிலையமும் வன்கொடுமை வழக்கும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டிய செய்திகளே. ஆயினும் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. நாள்தோறும் நம் கையில் புழங்குவது. பிறருடைய பொருள் நம்மிடம் இருக்கும்போது நமக்குள்ள பொறுப்பு என்ன? நம்முடைய பொருள் பிறரிடம் இருக்கும்போது அவருக்குள்ள பொறுப்பு என்ன? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பதே என் நோக்கம்.

இவ்வளவு சிறிய செய்திக்கு ஓர் உரை வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். எண்ணிப் பாருங்கள். நிலமுடையவனுக்கு நிலம் சொத்து. பத்திரமும் பட்டாவும் அவனைக் காக்கின்றன. நிலமில்லாதவனுக்குச் சொத்து எது? கொட்டிலில் நிற்கும் ஒரு பசு. மனைவியின் காதில் கிடக்கும் ஒரு தோடு. ஒரு மிதிவண்டி அல்லது தவணையில் வாங்கிய மோட்டார் வண்டி. பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ். இவை யாவும் இடம்விட்டு இடம் போகும் பொருள்கள். இன்று நம் கையிலும் நாளை பிறர் கையிலும் இருப்பவை. ஆகவே பிறர் கையில் உள்ள பொருளைப் பற்றிய சட்டம் ஏழை மக்களின் சொத்துச் சட்டம் என்றே நான் கருதுகிறேன்.

அடைக்கலம் என்னும் சொல்

தமிழில் இதற்குப் பழைமையான சொல் ஒன்று உண்டு. காத்துத் திருப்பித் தரும்படி ஒருவரிடம் விடும் பொருளை அடைக்கலப் பொருள் என்றனர். சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு பகுதி இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னர் நேர்ந்த துயரை நீங்கள் அறிவீர்கள். அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று மாதரி தீயில் புகுந்தாள் என்று நீர்ப்படைக் காதை கூறுகிறது. அரண்மனைப் பொற்கொல்லனோ, அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்துகொண்டு பழியைக் கோவலன்மீது சுமத்தினான். அடைக்கலத்துக்காக உயிரைவிட்டவள் மோர் விற்று வாழ்ந்த ஏழை. பிறர் பொருளை வஞ்சித்தவன் அரண்மனைச் செல்வாக்குடையவன். இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகருக்கு ஓர் இலக்கணம் வகுக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருளைப்போலவே பேணுவதுதான் வாணிகம் என்பது அதன் கருத்து. இன்று நம் நீதிமன்றங்களில் வழங்கும் சட்டத்தின் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே என்றால் நீங்கள் வியப்படைவீர்கள்.

சட்டம் வகுத்த அளவுகோல்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 148 முதல் 181 வரையுள்ள பிரிவுகள் இப்பொருளைப் பற்றியவை. ஒருவர் மற்றொருவரிடம் ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒப்படைத்து, அந்நோக்கம் நிறைவேறியதும் திருப்பித் தரவேண்டும் அல்லது தாம் சொன்னபடி சேர்க்கவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்வதையே சட்டம் ஒப்படைப்பு என்கிறது. பொருள் உருமாறித் திரும்பினாலும் ஒப்படைப்புத்தான். தையற்காரரிடம் துணி கொடுத்துச் சட்டையாகப் பெறுகிறோம். சின்னாளபட்டி நெசவாளர் பாவும் ஊடையும் பெற்றுச் சேலையாகத் திருப்புகிறார். இவையெல்லாம் ஒப்படைப்புகளே. எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வாய்ச்சொல்லே போதும்.

எவ்வளவு கவனம் காட்ட வேண்டும்? 151ஆம் பிரிவு விடை தருகிறது. இயல்பான அறிவுடைய ஒருவர், அதே சூழ்நிலையில், அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு காப்பாரோ, அவ்வளவு கவனம் வேண்டும். அதற்குக் குறையக்கூடாது, அதற்குமேல் சட்டம் கேட்கவும் இல்லை. அவ்வளவு கவனம் காட்டியும் பொருள் அழிந்தால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாதவரை, காத்தவர் பொறுப்பாளி ஆகார் என்று 152ஆம் பிரிவு விடுவிக்கிறது. மாதரியைப்போல் தீப்புக வேண்டும் என்று சட்டம் எவரையும் கேட்பதில்லை. நேர்மையான கவனத்தையே கேட்கிறது.

"நான் கூலி வாங்கவில்லையே, சும்மாதானே வைத்திருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியுமா? முடியாது. இங்கிலாந்தில் 1703ஆம் ஆண்டிலேயே இக்கேள்வி எழுந்தது. ஒருவர் கூலி ஏதுமின்றிச் சாராயப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார். அவருடைய கவனக்குறைவால் பீப்பாய் உடைந்து சாராயம் கொட்டிப்போயிற்று. கூலி பெறாவிடினும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் கவனக்குறைவுக்கு விடை சொல்ல வேண்டும் என்று தலைமை நீதிபதி ஹோல்ட் தீர்ப்பளித்தார். நம் நாட்டுச் சட்டம் கூலிக்கும் இலவசத்துக்கும் 151ஆம் பிரிவில் ஒரே அளவுகோலையே வைத்திருக்கிறது.

சாவி யாரிடம்?

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே பூட்டும் சாவியும் தொடர்பான ஒரு வழக்கை உங்களுக்குச் சொல்வது பொருத்தமாகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் இத்தீர்ப்பு 1938ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்தது.

ஒரு பெண்மணி தம் பழைய நகைகளை உருக்கிப் புதிய நகைகள் செய்யப் பொற்கொல்லர் ஒருவரிடம் கொடுத்தார். நாள்தோறும் மாலையில் வேலை முடிந்ததும் அரைகுறையாக இருந்த நகைகளை அவரிடமிருந்து திரும்பப் பெற்று, அங்கேயே ஓர் அறையில் இருந்த பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாமே எடுத்துச் சென்றார். ஓர் இரவில் நகைகள் களவுபோயின. பொற்கொல்லர் பொறுப்பா? இல்லை என்றது நீதிமன்றம். ஒவ்வொரு மாலையும் அப்பெண்மணி நகைகளைத் திரும்பப் பெற்றுத் தம் ஆளுகையில் வைத்துக்கொண்டார். பெட்டி அவர் வீட்டில் இருந்ததனாலேயே நகைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை ஆகிவிடா என்பது தீர்ப்பின் சாரம்.

பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்பதைவிட யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. உங்கள் வீட்டில் ஒருவர் பூட்டிய பெட்டியை வைத்துவிட்டுப் போகும்போதும், நீங்கள் ஒருவரிடம் வைக்கும்போதும், "சாவி யாரிடம், பொறுப்பு யாரிடம்" என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அப்படிக் கேட்பது நம்பிக்கைக் குறைவாகாது; நட்பைக் காக்கும் வழியாகும்.

வாரத்து மாடு

நம் பகுதியில் வசதியுள்ளவர் பசுவையோ ஆட்டையோ வாங்கி, வளர்ப்பவரிடம் வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. கன்றையோ குட்டியையோ பங்கிட்டுக்கொள்வர். எத்தனை குடும்பங்களில் இவ்வேற்பாடு சண்டையில் முடிந்திருக்கிறது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

ஒப்படைத்த பொருளிலிருந்து கிடைக்கும் பெருக்கமும் ஆதாயமும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உடையவருக்கே சேரும் என்கிறது 163ஆம் பிரிவு. சட்டம் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டே பசுதான். ஒருவரிடம் பசுவைப் பார்த்துக்கொள்ளும்படி விட்டிருந்து, அது கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் திருப்பித் தரவேண்டும். "வேறு ஒப்பந்தம் இல்லாதபோது" என்னும் சொற்களை இளைஞர்கள் நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வாரம் என்பது ஓர் ஒப்பந்தம். முதற் கன்று யாருக்கு, பால் யாருக்கு, தீவனச் செலவு யாருக்கு, மாடு மலடாகிப்போனால் என்ன என்பதை இருவரும் முன்னரே பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வளர்த்தவரின் பங்கு சட்டத்தின் முன் நிற்கும். எழுதாமல் விட்டால், ஆண்டு முழுதும் புல் அறுத்துப் போட்டவர் தம் பங்கை மெய்ப்பிக்கத் திண்டாடுவார்.

மாடு இறந்துபோனால்? ஊருக்கு வந்த கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு மாட்டை ஓட்டிச் செல்லாமல் விட்டவர் விடை சொல்ல வேண்டிவரும். தடுப்பூசி போட்டு, நோய் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மருந்தும் கொடுத்தபின் மாடு இறந்தால், வளர்த்தவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. அதை மெய்ப்பிக்க மருத்துவமனைச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கூலியோ பங்கோ இன்றி ஒருவர் மாட்டை வைத்துக் காத்திருந்தால், அதற்காக அவர் செய்த தேவையான செலவை உடையவர் திருப்பித் தரவேண்டும் என்று 158ஆம் பிரிவு கூறுகிறது.

இரவல் வாங்கிய பொருள்

இளைஞர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு இரவலில்தான். நண்பரின் மோட்டார் வண்டியை வத்தலக்குண்டு போய்வர என்று கேட்டு வாங்குகிறோம். அங்கிருந்து கொடைக்கானல் மலைக்கும் ஏறிவிடுகிறோம். அல்லது வாங்கிய வண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறோம். 154ஆம் பிரிவின்படி, சொன்ன நோக்கத்துக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அப்பயன்பாட்டின்போது நேரும் எந்தச் சேதத்துக்கும் ஈடு தரவேண்டும். எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அது விடையாகாது. இரவல் பெற்றவருடைய குடும்பத்தார் ஏறிச் சென்ற குதிரை தற்செயலாக விழுந்து காயம்பட்டாலும் இரவல் பெற்றவரே பொறுப்பு என்று சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. குதிரை போய் மோட்டார் வந்தது, விதி மாறவில்லை.

குறித்த காலம் முடிந்ததும், கேட்காமலே திருப்பித் தரவேண்டும். தவறினால் அந்த நாளிலிருந்து நேரும் இழப்புக்கெல்லாம் அவரே பொறுப்பு. 160, 161ஆம் பிரிவுகள் இதைக் கூறுகின்றன. நம் சங்க நூலகத்து நூலுக்கும், திருமணத்துக்கு வாங்கிச் செல்லும் ஊர்ப் பொதுப் பாத்திரங்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. முட்டும் காளை என்று தெரிந்தும் சொல்லாமல் உழவுக்கு இரவல் கொடுத்து, வாங்கியவர் காயமடைந்தால், கொடுத்தவர் பொறுப்பாளி. வாடகைக்குக் கொடுத்தாலோ, குறை தமக்குத் தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது. இது 150ஆம் பிரிவு.

சீட்டில் அச்சிட்ட சொற்கள்

செம்பட்டி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் சாலைகள் கூடும் ஊர். இங்கு வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தேறி வேலைக்குப் போவோர் பலர். வண்டி நிறுத்துமிடத்தில் தரும் சீட்டில் "இழப்புக்கு நிருவாகம் பொறுப்பல்ல" என்றோ, "உரிமையாளர் பொறுப்பு" என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சான எழுத்தைக் கண்டதும் நம்மவர் அடங்கிவிடுகின்றனர். அச்சிட்டதெல்லாம் சட்டமாகிவிடாது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்னும் வழக்கு 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. சலவைக்குக் கொடுத்த சேலை காணாமற்போயிற்று. துணி தொலைந்தால் அதன் மதிப்பில் 15 விழுக்காடுதான் தருவோம் என்று சலவை நிலையத்தின் சீட்டில் அச்சிட்டிருந்தது. இத்தகைய நிபந்தனையை ஏற்றால், 100 ரூபாய்ச் சேலையை வைத்துக்கொண்டு 15 ரூபாயைக் கொடுத்து அனுப்பிவிடலாம் அல்லவா? பொதுநலக் கொள்கைக்கு இது முரணானது என்று உயர் நீதிமன்றம் அந்நிபந்தனையை ஏற்க மறுத்தது.

தில்லியில் தாஜ்மகால் ஓட்டலில் 1998இல் ஒரு விருந்தினர் தம் காரின் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார், கார் களவுபோயிற்று. சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்றே இருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சாவியை வாங்கிக்கொண்டதனால் ஓட்டல் பொறுப்பேற்றுக்கொண்டது என்றும், போதிய கவனம் காட்டியதை ஓட்டல் மெய்ப்பிக்காதவரை அச்சிட்ட சொற்களுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குச் சொன்ன நீதி செம்பட்டிக்கும் உரியதே. சீட்டைக் காட்டினாலன்றி வண்டியை வெளியே விடமாட்டோம் என்று சொல்லும் நிறுத்துமிடம், வண்டியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது என்று வாதாட இடமுண்டு.

அடகும் பற்றுரிமையும்

கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைப்பது அடகு. அடகு பிடித்தவர் பொருளுக்கு உடையவர் ஆகிவிடமாட்டார், அவர் காவலரே. கடன் தவறினாலும் நியாயமான முன்னறிவிப்பு இன்றி நகையை விற்கக்கூடாது. விற்றபின் கடன் போக மிஞ்சியதை உடையவரிடம் திருப்பித் தரவேண்டும். இது 176ஆம் பிரிவு. தவணை கடந்துவிட்டாலும், உண்மையாக விற்பனை நடக்கும்வரை பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை உண்டு. இது 177ஆம் பிரிவு. அடகுக்கடை நடத்துவோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றும், அடகுச்சீட்டுத் தரவேண்டும் என்றும் 1943ஆம் ஆண்டு அடகுக்கடைக்காரர் சட்டம் விதித்திருக்கிறது. சீட்டில்லாத அடகு, கரையில்லாத கிணறு போன்றது; விழுந்தபின் ஏறுவது அரிது.

நம் முன்னோர்க்கு நேர்ந்ததை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். பண்ணைக் கடனுக்காக ஆடுமாடுகளையும் அண்டா குண்டான்களையும் எடுத்துச் சென்றவர்கள் உண்டு. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்களை அழித்ததோடு நிற்கவில்லை. அக்கடனுக்காக வலிந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருளை உரியவரிடமே திருப்பித் தரவேண்டும் என்றும், தரத் தவறினால் தண்டனை என்றும் கூறியது. ஏழையின் பொருள் பிறர் கையில் சிக்கிக் கிடப்பதே அடிமைத்தனத்தின் ஒரு கூறு என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

வேலை செய்தவருக்குக் கூலி தராமல் பொருளைக் கேட்கலாமா? பொருளின்மீது தம் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தமக்கு உரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது 170ஆம் பிரிவு. தையற்காரரும் பொற்கொல்லரும் பழுது பார்ப்பவரும் இவ்வுரிமை உடையவர்கள். இதற்குப் பற்றுரிமை என்று பெயர். நம் இளைஞர்களுள் கைத்தொழில் செய்வோர் பலர். இவ்வுரிமையை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. ஒரு வழக்கறிஞர் தமக்குக் கட்டணம் வரவில்லை என்று கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளைத் தர மறுத்தார். அவை விற்று ஈடு செய்துகொள்ளத்தக்க சரக்கு அல்ல. அவற்றின்மீது பற்றுரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டில் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம் சங்கத்துக்கு நெஞ்சோடு நெருங்கிய செய்திக்கு வருகிறேன். உதவித்தொகை வரத் தாமதமாகும்; கட்டணம் பாக்கி என்பார்கள்; மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரி அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில் கிடக்கும். வேலைக்கு நேர்காணல் நாள் நெருங்கும். தலைமுறையில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை வாசலில் நிற்பான். இது நம் வீடுகளில் நடவாத செய்தி அன்று. சான்றிதழ் வாணிகச் சரக்கு அன்று. அதன்மீது ஒப்பந்தச் சட்டத்தின் பற்றுரிமையைச் செலுத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தரவேண்டும், கல்வி நிறுவனம் அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. பாக்கி உண்மையாக இருந்தால் அதைக் கேட்கவும் வழக்கிட்டுப் பெறவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பிள்ளையின் எதிர்காலத்தை அடகாகப் பிடித்துவைக்க உரிமை இல்லை.

வீட்டுக்கடன் பெற்றோர்க்கும் ஒரு செய்தி. கடனை முழுமையாகத் தீர்த்த 30 நாள்களுக்குள் சொத்து ஆவணங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. அவ்வாணை அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பெண்ணின் நகை

தாய்மார்களுக்கு ஒரு சொல். திருமணத்தின்போது பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த பாத்திரங்களும் பெண்ணுக்கே உரியவை. அவை கணவர் வீட்டுப் பெட்டியில் இருப்பதனால் கணவருக்கோ மாமியாருக்கோ உரியவை ஆகிவிடமாட்டா. 1985ஆம் ஆண்டில் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. கணவர் வீட்டார் அப்பொருளுக்குக் காவலர். கேட்டும் தர மறுத்துத் தமதாக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகும் என்றது. வரதட்சணையாகப் பிறர் பெற்ற பொருளையும் மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் சேர்க்க வேண்டும், அதுவரை அவளுக்காகவே காத்துவைத்திருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் எது, இழப்பு எது?

பொருள் தொலைந்துபோவது வேறு. அதை நேர்மையின்றித் தமதாக்கிக்கொள்வது வேறு. முன்னது உரிமையியல் வழக்கு. கவனக்குறைவு இருந்தால் ஈடு தரவேண்டும். பின்னது குற்றம். முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 405, 406ஆம் பிரிவுகளில் இருந்த நம்பிக்கை மோசடிக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. மூன்றாண்டுவரை இருந்த சிறைத்தண்டனை இப்பொழுது ஐந்தாண்டுவரை விதிக்கத்தக்கதாகிவிட்டது. வழியில் கண்டெடுத்த பொருளுக்கும் இவ்வொழுக்கமே. கண்டெடுத்தவர் அதைக் காப்பதில் ஒப்படைப்புப் பெற்றவரை ஒத்த பொறுப்புடையவர்; உடையவரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல் தமதாக்கிக்கொண்டால் 314ஆம் பிரிவின்கீழ்க் குற்றவாளி ஆவார்.

இவ்வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் மோட்டார்க் கம்பி காணாமற்போனால், கொட்டிலில் ஓர் ஆடு குறைந்தால், ஊரார் விரல் முதலில் எந்தத் தெருவை நோக்கி நீள்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். காவல் இருந்தவர்மீதும் கூலிக்கு வந்தவர்மீதும் பழி விழுகிறது. பொருள் காணாமற்போனது மட்டுமே குற்றத்துக்குச் சான்று ஆகாது; நேர்மையற்ற எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது பொய்யான, தீய நோக்குடைய வழக்குத் தொடுப்பதே 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் ஒரு குற்றம். இதை அறிந்தவன் அஞ்சி ஊரைவிட்டு ஓடமாட்டான். நின்று விடை சொல்வான்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரு சீட்டு எழுதுங்கள். பொருள், அதன் அடையாளம், நாள், நோக்கம், திருப்பித் தரும் நாள், இருவர் கையெழுத்து. அரைத்தாள் போதும். நம் பாட்டனார் கைநாட்டு வைத்தது பிறர் எழுதிய தாளில். நாம் எழுதக் கற்றது நம் தாளை நாமே எழுதுவதற்காக.

இரண்டு, திருப்பித் தராதவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பெற்றதற்கான ஒப்புகை கிடைக்குமாறு அஞ்சலில் அனுப்புங்கள். ஒப்படைத்த பொருளையும் அடகுப் பொருளையும் மீட்க வழக்கிடும் காலம், கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டு என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கூறுகிறது. கேட்ட நாளுக்குச் சான்று இருந்தால் வழக்கு உறுதிப்படும்.

மூன்று, ஏ.டி.எம். அட்டையையும் குடும்ப அட்டையையும் எவரிடமும் ஈடாகக் கொடுக்காதீர்கள். அவை அடகுப் பொருள்கள் அல்ல.

நான்கு, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவை நாடலாம்; 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம்.

இறுதியாக ஒன்று. நம் சங்கமும் ஓர் அடைக்கலமே. உறுப்பினர் கொடுத்த சந்தா, மாணவருக்கென்று வந்த நன்கொடை, நூலகத்து நூல்கள், நாற்காலிகள், பாத்திரங்கள் ஆகியவற்றுள் எதுவும் தலைவருக்கோ பொருளாளருக்கோ சொந்தமன்று. அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியதும், மக்களின் பொருளைக் கொண்டு மக்களின் பிள்ளைகளைக் கற்பிக்கவே. பதிவுபெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைப்பது சட்டக் கடமை. கணக்குக் கேட்பவரைப் பகைவராகக் கருதும் சங்கம் நிலைக்காது; கேட்கும் முன்னரே கணக்கைக் காட்டும் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டும் வாழும். எழுத்தறியாத தாய் முந்தானையில் முடிந்துவைத்த பத்து ரூபாயை நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறாள். அதைத் தன் பொருளைவிடவும் மேலாகக் காப்பவனே இச்சங்கத்தின் பொறுப்பை ஏற்கத் தகுந்தவன்.

பிறர் பொருளைத் தன் பொருள்போல் காப்போம். நம் பொருளைக் காக்காதவரிடம் அஞ்சாமல் கேட்போம். இரண்டும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள்.